கட்டாமலே போன கட்டடங்கள்: ஓவியமா, கட்டடக்கலையா?

கரிக்கோடு – திங்கள், இரவு 9.40

கோவையில் 31 ஆண்டுகளாக வரைவாளனாக வேலை பார்க்கிறேன். ட்ரேசிங் தாளில் மைப்பேனா பிடித்துத் தொடங்கியவன். கோடு பிசகினால் பாதி பிளேடால் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுக்க வேண்டும். தேய்க்காமல் இழுத்தால் மை ஊறிக் கோட்டுக்கு மீசை முளைத்துவிடும். இப்போது எல்லாம் கணினியில். மீசை முளைப்பதில்லை.

சென்ற வாரம் அலுவலகத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். கட்டடக்கலைஞர் ஸாஹா ஹதீத் ஹாங்காங் மலையுச்சிக்காக வரைந்த ‘தி பீக்’ படங்களைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கேளிக்கை மன்றம் ஒன்றுக்கான போட்டி அது. 1983இல் பரிசு அவருக்குக் கிடைத்தது; நடுவர் குழுவில் இருந்த ஜப்பானியர் அராட்டா இசோசாகி அதைத் தூக்கிப்பிடித்தார். கட்டடம் மட்டும் எழவே இல்லை. படத்தில் மலை பாளம் பாளமாக வெடித்துப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். கீழே நகரத்தின் அடுக்குமாடிகள் கண்ணாடிச் சில்லுகளாகச் சாய்ந்து கிடக்கும். மலை எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது கட்டடம் இல்லை, பெயின்டிங். இதை வைத்து ஒரு செங்கல்கூட அடுக்க முடியாது” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஹதீதின் பெயர் சொல்லும் முதல் கட்டடம் ஜெர்மனியில் வைல் அம் ரைன் ஊரில் உள்ள தீயணைப்பு நிலையம். அது 1993இல்தான் முடிந்தது. பரிசுக்கும் அதற்கும் நடுவே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளும் அந்த அம்மாளை என்னவென்று அழைப்பது?

சொந்தக் காரணமும் உண்டு. நான் வரைந்த வீடுகளில் பாதி எழும்பவில்லை. வங்கிக் கடன் கிடைக்காமல், பங்காளித் தகராறில், பிள்ளை வெளிநாடு போய்விட்டதால். அவையெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?


தூக்குக்குண்டு – திங்கள், இரவு 10.15

பதில் எளிது. கட்டாத வீட்டில் மழை ஒழுகாது. அதனால்தான் அது அவ்வளவு அழகாக இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற கட்டமைப்புப் பொறியாளன். இந்தக் கனவுக் கட்டடங்களின் தாத்தா ஒருவர் இருக்கிறார்: பிரான்சின் எத்தியேன்-லூயி பூலே. நியூட்டனுக்கு நினைவுமண்டபம் என்று 1784இல் ஒரு பெரிய உருண்டையை வரைந்தார். குறுக்களவு 500 அடி, ஏறத்தாழ 150 மீட்டர். ரோமின் பாந்தியன் குவிமாடம் 43 மீட்டர்தான். கம்பியில்லாக் கான்கிரீட்டில் அதை மிஞ்சிய குவிமாடம் இன்றுவரை இல்லை. பூலே கேட்டது அதைப்போல மூன்றரை மடங்கு.

குவிமாடத்தின் உச்சி தன் எடையாலேயே இறுகி நிற்கும். கீழே வர வர அது வெளியே பிதுங்கப் பார்க்கும். அங்கே இழுவிசை. கல்லுக்கும் சுண்ணாம்புக் காரைக்கும் இழுவிசை ஆகவே ஆகாது. பூலே காலத்தில் கையில் இருந்தவையோ அவைதான். சாரத்துக்கு மட்டும் ஒரு காட்டையே வெட்டியிருக்க வேண்டும். மனிதர் அதைப் பற்றி ஒரு கோடு போடவில்லை. உருண்டையைச் சுற்றி சைப்ரஸ் மரங்களை மட்டும் வரிசை வரிசையாக வரைந்துவிட்டார்.

நல்ல ஓவியம். உங்கள் தம்பி சொன்னதுதான் சரி.


மேஸ்திரிமகன் – திங்கள், இரவு 10.31

சாரத்துக்குக் காடு என்றதும் சிரித்துவிட்டேன் சார். சென்ட்ரிங் பலகைக்கு எங்கள் அப்பா படும் பாடு எனக்குத் தெரியும்.


செப்புத்தகடு – செவ்வாய், காலை 6.50

தூக்குக்குண்டு ஐயாவுக்கு வணக்கம். பூலேயை ஓவியர் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். தன் நூலின் முகப்பிலேயே “நானும் ஓவியன்தான்” என்ற இத்தாலிய வாக்கியத்தைத்தான் எழுதி வைத்தார். ஓவியராக வேண்டும் என்பதே அவர் ஆசை. அப்பா கட்டடத் தொழிலுக்குள் தள்ளிவிட்டார். அந்த நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1799இல் இறந்தார், நூல் வந்தது 1953இல்.

ஆனால் அந்த நியூட்டன் மண்டபத்தின் வெட்டுத்தோற்றத்தை (கட்டடத்தை நடுவே அறுத்து உள்ளே காட்டும் வரைபடத்தை) கொஞ்சம் நின்று பாருங்கள். வெளியே பகல். உருண்டையின் ஓட்டில் சிறு சிறு துளைகள். வெளி வெயில் அவற்றின் வழியே புள்ளி புள்ளியாக இறங்கி உள்ளே நட்சத்திர இரவாகிவிடுகிறது. நியூட்டனின் கல்லறை அடியில், எறும்பளவில். இன்னொரு தாளில் இதே மண்டபம் தலைகீழ்: வெளியே இரவு, உள்ளே நடுவில் தொங்கும் விளக்கால் பகல். மையில் தண்ணீர் கலந்து கலந்து, சாம்பலின் இருபது படிகளையாவது அவர் தொட்டிருப்பார்.

நான் கேட்பது இதுதான். பகலையும் இரவையும் ஒரே பார்வையில், ஓட்டின் இரு பக்கமும் நின்று பார்ப்பது, கட்டிய மண்டபத்தில் யாருக்குக் கிடைக்கும்? உள்ளே இருப்பவருக்கு வெளிப் பகல் தெரியாது. வெளியே இருப்பவருக்கு உள் இரவு தெரியாது. வெட்டுத்தோற்றம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்த மனிதன் உலகத்திலேயே இல்லை. அது தாளில் மட்டும்தான் இருக்கிறது. கட்டியிருந்தால் பூலேயின் யோசனையில் பாதி தொலைந்திருக்கும்.

நான் தகடு அரிப்பவள். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு தடவி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கி அச்செடுக்கும் வேலை. எங்கள் தொழிலில் பிரானேசியைத் தாண்டிப் போக முடியாது. வெனிஸ்காரர், ரோமில் வாழ்ந்தார், தன்னைக் கடைசி வரை ‘வெனிஸ் கட்டடக்கலைஞர்’ என்றே கையெழுத்திட்டார். உருப்படியாகக் கட்டியது அவென்டைன் குன்றில் ஒரே ஒரு தேவாலயம், அதுவும் பழையதைப் புதுப்பித்தது. அவர் பெயர் நிற்பதோ கற்பனைச் சிறைச்சாலைகள் என்ற தகட்டு வரிசையால். 1750ஐ ஒட்டி முதல் பதிப்பு, 14 தகடுகள். லேசான கீறல்கள், அவசரமாகக் கிறுக்கியதுபோல. பிறகு 1761இல் அதே தகடுகளை எடுத்து மறுபடி கீறுகிறார், மறுபடி அமிலத்தில் நெடுநேரம் ஊறவிடுகிறார், இரண்டைப் புதிதாகச் சேர்த்து 16 ஆக்குகிறார். வெளிச்சமாக இருந்த மூலைகளெல்லாம் இருண்டுவிட்டன. சுவருக்குப் பின்னால் இன்னொரு பாலம், பாலத்துக்குப் பின்னால் இன்னொரு படிக்கட்டு, உத்தரம், சங்கிலி, சக்கரம்.

அமிலம் தகட்டைத் தின்னும்போது மேலே சின்னக் குமிழிகள் எழும். கோழி இறகால் அவற்றை வருடி விலக்கிக்கொண்டே இருப்போம். ஒரு நிமிடம் கூடினால் இருட்டு கூடும். அந்த நிமிடத்தை முடிவு செய்வதுதான் வேலை. இரண்டாம் பதிப்பில் அந்த மனிதர் எத்தனை நேரம் இறகைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் என்று எனக்குக் கை உணர்கிறது.


மேஸ்திரிமகன் – செவ்வாய், காலை 8.05

அக்கா சொன்ன சிறைச்சாலைப் படத்தை இணையத்தில் தேடி எடுத்து அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்தப் படி எங்கே போய் முடிகிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் இன்னமும் ஃபோனை வைத்துக்கொண்டு தேடுகிறார். வேலைக்குக் கிளம்ப வேண்டும், ஃபோனைத் தர மாட்டேன் என்கிறார்.


தூக்குக்குண்டு – செவ்வாய், காலை 8.20

உங்கள் அப்பாதான் இந்த இழையிலேயே சரியான கேள்வியைக் கேட்டவர்.


வெண்சதுரம் – செவ்வாய், பகல் 1.10

கலை வரலாறு கற்பிக்கிறேன். இந்த இழை பூலேயிலும் பிரானேசியிலும் தங்கிவிட்டது. கரிக்கோடு கேட்டது ஹதீதைப் பற்றி. அதற்கு ரஷ்யா வழியாகத்தான் போக வேண்டும்.

ஓவியர் மாலெவிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1915இல் பெட்ரோகிராட் கண்காட்சியில் கறுப்புச் சதுரத்தைச் சுவரின் மேல்மூலையில் மாட்டினார். ரஷ்ய வீடுகளில் சாமி படம் மாட்டும் மூலை அது. அவருடைய படங்களில் செவ்வகங்களும் பட்டைகளும் எடையே இல்லாமல் மிதக்கும். மேல் கீழ் கிடையாது. அடுத்த பத்தாண்டில் அந்தச் செவ்வகங்களைப் பிளாஸ்டரில் கனமாக வார்த்து, ‘ஆர்க்கிடெக்டான்’ என்று பெயர் வைத்தார். கதவில்லை, ஜன்னலில்லை, எதற்கான கட்டடம் என்றும் இல்லை.

எல் லிசிட்ஸ்கி ஜெர்மனியில் டார்ம்ஷ்டட்டில் கட்டடக்கலை படித்தவர். 1919இல் வீதெப்ஸ்க் ஊரில் மாலெவிச்சோடு சேர்ந்தார். அங்கிருந்து அவர் வரையத் தொடங்கியவைதான் ‘புரோன்’ படங்கள். ஓவியத்திலிருந்து கட்டடக்கலைக்கு வண்டி மாறும் நிலையம் என்று அவற்றைச் சொன்னார். நம் ஊர்க் கணக்கில் விழுப்புரம் ஜங்ஷன். ஊர் போய்ச் சேர்ந்தாயிற்றா என்று ஜங்ஷனைக் கேட்கக் கூடாது. 1923இல் பெர்லினில் அந்தப் படங்களைச் சுவரை விட்டுப் பிரித்து ஓர் அறையாகவே ஆக்கினார். ஒரு மூலையில் தொடங்கும் மரப்பட்டை திரும்பி அடுத்த சுவரில் தொடரும். கண்ணால் பார்ப்பது போதாது, நடந்தால்தான் படம் முடியும்.

ஹதீத் லண்டனில் படிக்கும்போது 1976–77இல் செய்த இறுதி ஆண்டுத் திட்டத்தின் பெயரே ‘மாலெவிச்சின் டெக்டானிக்’. தேம்ஸ் ஆற்றின் ஹங்கர்ஃபோர்ட் பாலத்தின் மேல், மாலெவிச்சின் பிளாஸ்டர் வடிவத்தை 14 அடுக்கு ஓட்டலாக உட்காரவைத்தார். அக்ரிலிக்கில் வரைந்தார். வாடிக்கையாளரை மயக்கும் அலங்காரப் படமாக அவர் அதைச் செய்யவில்லை. எடையில்லாத பட்டைகளை எடையுள்ள ஊரில் எப்படிப் படியவைப்பது என்ற கேள்வியை பிளான், எலிவேஷனில் கேட்க முடியாது. அந்தக் கேள்விக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. ‘தி பீக்’ அதன் அடுத்த படி. வைல் அம் ரைன் தீயணைப்பு நிலையத்தின் கூர்ந்து நீளும் கான்கிரீட் பாளங்களைப் பார்த்தால் அந்தப் பட்டைகளின் சாயல் அப்படியே தெரியும்.

கரிக்கோடு, நீங்கள் கோடு போடுபவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே 1924 வாக்கில் செங்கல்லில் ஒரு கிராமத்து வீடு வரைந்தார். கட்டவில்லை. அதன் பிளானைப் பாருங்கள். சுவர்கள் அறையைச் சுற்றி மூடிக்கொள்ளாமல் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. மூன்று சுவர்கள் தாளின் விளிம்பு வரை ஓடி அங்கேதான் நிற்கின்றன. டச்சு ஓவியர் வான் டூஸ்பர்க் 1918இல் வரைந்த ஒரு நடன ஓவியத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காத கலை வரலாற்று வகுப்பு அநேகமாக இல்லை. அந்தச் சுவர்களில் எதை அறை என்பது, எதை வெளி என்பது?


கரிக்கோடு – செவ்வாய், இரவு 9.15

பார்த்தேன். அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாளின் விளிம்பு வரை சுவரை இழுத்தால் எங்கள் அலுவலகத்தில் ‘மனை எல்லை எங்கே?’ என்று கேட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜங்ஷன் உவமை பிடித்திருக்கிறது.


தூக்குக்குண்டு – செவ்வாய், இரவு 10.02

ரஷ்யா வரை வந்துவிட்டோம், தாத்லின் கோபுரத்தை யாரும் இன்னும் எடுக்கவில்லை. நானே எடுக்கிறேன், பேராசிரியர் முந்துவதற்குள்.

1919, 20இல் போட்ட திட்டம். உயரம் 400 மீட்டர்; ஐஃபெல் கோபுரத்தைவிட நூறு மீட்டர் கூட. சாய்ந்த இரும்புச் சுருள்கள் இரண்டு, அவற்றுக்குள் கண்ணாடி மண்டபங்கள். கீழே கனசதுரம், ஆண்டுக்கு ஒரு சுற்று. அதன் மேல் பிரமிடு, மாதத்துக்கு ஒரு சுற்று. அதற்கும் மேல் உருளை, நாளுக்கு ஒரு சுற்று. உள்நாட்டுப் போர், பஞ்சம், தொழிற்சாலைகள் படுத்துக்கிடக்கின்றன. அந்த நாட்டில் அந்த ஆண்டில் இவ்வளவு இரும்பு!

இரும்பை விடுங்கள். ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றும் மாநாட்டு மண்டபத்தின் கழிப்பறைக் குழாயை எங்கே இணைப்பது? கேட்டால் சிரிப்பீர்கள். நான் 38 ஆண்டுகள் இந்தக் கேள்விகளுக்குச் சம்பளம் வாங்கியவன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாய்வு. நிமிர்ந்த கோபுரத்தில் எடை எங்கே இறங்குகிறது என்பதை மறைத்துவிடலாம். சாய்ந்த கோபுரத்தில் முடியாது. ஒவ்வொரு சட்டமும் ஏன் அங்கே நிற்கிறது என்று வெளியே தெரிந்தாக வேண்டும். தாத்லின் கணக்குப் போட்டாரோ இல்லையோ, இரும்பைத் தொட்டுப் பழகிய கை அது.


வெண்சதுரம் – செவ்வாய், இரவு 10.40

பழகிய கைதான் ஐயா. ஓவியர், இளமையில் கப்பலில் மாலுமியாகப் போனவர். பாரிசில் பிக்காசோவின் பட்டறைக்குப் போய்விட்டு வந்த பிறகு தகரம், மரம், கம்பி, கயிறு கொண்டு சுவர் மூலைகளில் இழுத்துக் கட்டிய ஆக்கங்களைச் செய்தார். கோபுரத்தின் விதை அங்கேதான் இருக்கிறது.

மாதிரியை 1920 நவம்பரில் பெட்ரோகிராடில் காட்டினார்கள். மரத்தில் செய்தது, ஆள் உயரத்தைப்போல மூன்று மடங்கு இருக்கும். சுற்றுவதற்கு மோட்டார் இல்லை. அடியில் ஒளிந்திருந்த ஒருவர் கையால் சுழற்றினார். மாதிரியும் தொலைந்துவிட்டது. எஞ்சியவை சில ஒளிப்படங்களும், கலை விமர்சகர் புனின் எழுதிய கையேட்டில் உள்ள வரைபடங்களும். அவற்றை வைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோமில் 1968இல் ஒரு மாதிரி, 2011இல் லண்டனில் ராயல் அகாடமி முற்றத்தில் ஒன்று என்று திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவின் டான் ஃபிளாவின் 1964இலிருந்து தாத்லினுக்கு ‘நினைவுச் சின்னங்கள்’ செய்தார். கடையில் வாங்கும் வெள்ளை ட்யூப் லைட்டுகளைச் சுவரில் கோபுரமாக அடுக்கியது, அவ்வளவே. குழாய் எரிந்துபோனால் வேறு மாட்ட வேண்டும். தாத்லினின் இரும்புக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி எனக்குத் தெரிந்து இல்லை.


வழிப்போக்கன்77 – புதன், காலை 7.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு கேள்விகள். மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே நிற்கும் ராயகோபுரமும் இந்தக் கணக்கில் வராதா? இரண்டாவது: இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவிடம் ‘மலை மேல் மிதக்கும் மாளிகை’ என்று தட்டினால் பத்து நொடியில் நூறு படம் கிடைக்கிறது. பூலேயும் ஹதீதும் செய்தது இதைத்தானே?


செப்புத்தகடு – புதன், காலை 7.55

ராயகோபுரம் வராது. திருமலை நாயக்கர் கல்லை வைத்துவிட்டார், அடித்தளத்தோடு நின்றுவிட்டது. அது முடிக்காமல் விட்ட கட்டடம். நாம் பேசுவது தொடங்காததைப் பற்றி.

இரண்டாவதற்கு: அந்த நூறு படங்களில் ஒன்றை எடுத்து வெட்டுத்தோற்றம் கேளுங்கள். பிறகு பேசுவோம்.


வழிப்போக்கன்77 – புதன், காலை 8.40

கேட்டேன். கொடுத்தது. இரண்டாம் தளத்தில் படிக்கட்டு சுவருக்குள் போய் மறைந்துவிட்டது.


மேஸ்திரிமகன் – புதன், காலை 8.44

அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள். இன்னொரு நாள் ஃபோன் போய்விடும்.


வழிப்போக்கன்77 – புதன், காலை 9.02

ஆனால் அக்கா, பிரானேசியின் படியும்தான் எங்கும் போகவில்லை. அவருக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா?


செப்புத்தகடு – புதன், இரவு 11.20

நல்ல இடி. பகல் முழுக்க அச்சு இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டே இதைத்தான் யோசித்தேன்.

பிரானேசியின் படி எங்கும் போகாததற்குக் காரணம் உண்டு, அது சிறை. முதல் பதிப்பில் ஓரளவு போகும் படிகள்கூட இரண்டாவதில் திசை இழக்கின்றன. அவர் அதைத் தேடிப் போய்ச் செய்தார். உங்கள் படத்தில் படி மறைந்ததற்கு எந்தக் காரணமும் இல்லை. தவறு என்றுகூடச் சொல்ல முடியாது. தவறு செய்வதற்கும் முதலில் ஓர் எண்ணம் இருக்க வேண்டுமே.

இதற்கு நல்ல சாட்சி மாஸ்கோவில் இருக்கிறது. அலெக்சாந்தர் பிராட்ஸ்கி, இலியா உத்கின். இருவரும் 1955இல் பிறந்தவர்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் கட்டடங்களில் ‘மிகைகளை’ ஒழிக்க வேண்டும் என்ற சோவியத் ஆணை வந்தது. அதற்குப் பிறகு ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை ஊர் ஊராக ஒரே மாதிரி நிறுத்துவதே கட்டடத் தொழில். இவர்கள் படித்து முடித்து வரும்போது கட்டடக்கலைஞருக்கு வேலை உண்டு, முடிவெடுக்க ஒன்றும் இல்லை. எனவே இரவில் செப்புத் தகட்டில் கட்டினார்கள். ஜப்பானியப் போட்டிகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள், பரிசுகளும் வாங்கினார்கள். ‘காகிதக் கட்டடக்கலை’ என்று அந்தத் தலைமுறைக்கே பெயர் வந்தது. முதலில் அது வசவு. பிறகு அவர்களே சட்டைப்பையில் குத்திக்கொண்டார்கள்.

அவர்கள் தகடு ஒன்றைச் சொல்கிறேன். பெரிய கான்கிரீட் பெட்டி, உள்ளே சுற்றிலும் அலமாரித் தட்டுகள். புதிய நகரத்துக்காக இடிக்கப்படவிருக்கும் பழைய வீடுகளைக் கொண்டுவந்து தட்டுகளில் வைக்கிறார்கள், அஸ்திக் கலசங்களைப்போல. ஒரே நிபந்தனை: அந்த வீட்டுக்காரர்கள் உள்ளேயே தொடர்ந்து குடியிருக்க வேண்டும். அலமாரியில் வாழ முடியாமல் அவர்கள் வெளியேறினால் வீட்டை உடைத்துவிடுவார்கள். உடைக்கும் இரும்புக் குண்டு நடுவிலேயே தொங்குகிறது. நான் முதன்முதலில் பார்த்தபோது ஜன்னல் ஜன்னலாகத் தேடினேன், எந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது என்று. கொடியில் காயும் துணியைத் தேடினேன்.

இதைக் கட்டு என்று யாரும் சொல்லப் போவதில்லை, கட்டவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு வீட்டின் கூரையும் ஓடும் அளவோடு இருக்கிறது. அளவு இல்லாவிட்டால் அந்தத் துக்கம் வராது. வரைந்தவர்களுக்குக் கட்டத் தெரியும். அதுதான் என் பதில் தம்பி.


வெண்சதுரம் – வியாழன், காலை 6.15

அழகாகச் சொன்னீர்கள். ஒரு சின்ன மறுப்பு மட்டும். எல்லாரும் கட்டத் துடித்துத் தடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஃபிளாரன்சில் சூப்பர்ஸ்டுடியோ என்ற குழு 1969இல் ‘தொடர் நினைவுச் சின்னம்’ என்று ஒன்றை வரைந்தது. கட்டம் போட்ட வெள்ளைப் பாளம் ஒன்று மன்ஹாட்டன், பாலைவனம், கடல் என்று எல்லாவற்றின் மேலும் நிற்காமல் போகும். பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிச் செய்த படங்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான நதாலினி ஓவியராக இருந்து வந்தவர். அவர்கள் அதைக் கட்டச் சொல்லவில்லை. நவீனக் கட்டடக்கலை இதே போக்கில் போனால் கடைசியில் இதுதான் மிஞ்சும் என்று காட்டினார்கள். அதை உண்மையான திட்டம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள் என்பது தனி வேடிக்கை. அந்தக் கட்டம் போட்ட வெள்ளைப் பரப்பில் கடைசியில் உருவானது ஒரு மேசை. இன்றும் விற்கிறார்கள்.

பிறர் வரைந்ததை மற்றவர் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் கோமோ ஊர் இருக்கிறது. கட்டடக்கலைஞர் அன்டோனியோ சாந்த்-எலியா 1914இல் ‘புதிய நகரம்’ என்று மின்நிலையங்களும் வெளியே ஓடும் மின்தூக்கிகளுமாக வரைந்து குவித்தார். முதல் உலகப் போரில் 1916இல் இறந்தபோது வயது 28. பிறகு 1930களின் தொடக்கத்தில், அவர் பிறந்த கோமோவில் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தை அவருடைய ஒரு கோபுரச் சித்திரத்தை வைத்தே கட்டடக்கலைஞர் தெராஞி கட்டினார். ஏரிக்கரையில் கல்லில் நிற்கிறது. ஒளிப்படங்களில் பார்த்தால் கனமாக, அசையாமல், சரியாகத்தான் இருக்கிறது. சித்திரத்தில் கோடு மேலே பாய்ந்துகொண்டே இருக்கும். அது மட்டும் கல்லில் இல்லை.


தூக்குக்குண்டு – வியாழன், காலை 9.30

பேராசிரியர் சொன்னதும் எனக்கு ஒன்று தோன்றியது. பூலேயின் உருண்டையை ஒருவகையில் கட்டியாயிற்று. லாஸ் வேகாஸில் 2023இல் ஸ்ஃபியர் என்ற அரங்கைத் திறந்தார்களே, 157 மீட்டர் அகலம், 112 மீட்டர் உயரம். எஃகுச் சட்டகம், என் இழுவிசைக் கவலை தீர்ந்தது. உள்ளே பதினேழாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். ஓட்டில் துளையில்லை, வெளிப்புறம் முழுவதும் எல்இடி விளக்கு. இரவில் கண் சிமிட்டும் முகமாக மாறும், விளம்பரம் ஓடும்.

அதைக் காணொளியில் பார்த்த அன்று ‘நம்மால் முடிந்துவிட்டது’ என்று பெருமைப்பட்டேன். செப்புத்தகடு சொன்ன வெட்டுத்தோற்றத்தை நேற்று இரவு பார்த்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர்கள் தெரிகிறார்களா? நான் முதலில் அவர்களை அழுக்கு என்று நினைத்தேன்.

சரி. ஓவியம் என்றேன். வாபஸ் வாங்கவில்லை. ‘அவ்வளவுதான்’ என்ற தொனியை மட்டும் எடுத்துவிடுகிறேன்.


வெண்சதுரம் – வியாழன், காலை 9.48

இன்னொரு சங்கதியும் உங்களுக்குப் பிடிக்கும் ஐயா. லெபியஸ் வுட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் வாழ்நாள் முழுக்க வரைந்தே தள்ளியவர். 1987இல் ஓர் அறை வரைந்தார்: உயர்ந்த சுவரின் மேல் மாட்டிய நாற்காலி, எதிரே தொங்கும் ஓர் உருண்டை. 1995இல் ஒரு ஹாலிவுட் படத்தில் அதே அறை, அதே நாற்காலி, கேட்காமல். வழக்குப் போட்டார். 1996இல் நீதிமன்றம் படத்தை ஓட்டக் கூடாது என்று தடை விதித்தது, பிறகு சமரசமானார்கள். கட்டாத அறைக்கும் வாடகை உண்டு.


கரிக்கோடு – வியாழன், இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. அலுவலகத் தம்பியிடம் இந்த இழையைக் காட்டினேன். மீஸின் செங்கல் வீட்டுப் பிளானை மட்டும் அச்செடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1998இல் ஒரு பள்ளி ஆசிரியருக்கு வீடு வரைந்தேன். இரண்டு தளம், கிழக்குப் பார்த்த சமையலறை, மாடியில் அவருடைய புத்தகங்களுக்கு ஓர் அறை. அனுமதி வாங்கி, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வாரத்தில் அவர் இறந்துவிட்டார். மனையை விற்றுவிட்டார்கள். சென்ற ஆண்டு அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். ட்ரேசிங் இருக்கிறதா என்று கேட்டார். குழாயில் சுருட்டி வைத்திருந்தேன், ஓரம் மஞ்சளாகிவிட்டது. மேசையில் விரித்து நான்கு மூலையிலும் ஸ்டேப்ளர், பேப்பர் வெயிட் எல்லாம் வைத்து அழுத்தினேன். அந்த அம்மா வாசலில் விரல் வைத்தார். மெல்ல நகர்த்திக் கூடம், பூஜை அலமாரி, சமையலறை என்று போனார். “இங்கே ஜன்னல் இருக்கிறதல்லவா, காலை வெயில் மேடை மேல் விழும் என்று சொன்னாரே” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு மாடிக்குப் போனார்.

சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார். ஓரம் கிழிந்திருப்பதால் இந்த வாரம் புதிய ட்ரேசிங்கில் கையால் மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, பிளேடு நிறைய வேலை செய்கிறது.


தூக்குக்குண்டு – வியாழன், இரவு 10.10

படிக்கட்டு அகலம் எவ்வளவு வைத்தீர்கள்?


கரிக்கோடு – வியாழன், இரவு 10.12

இரண்டே முக்கால் அடி.


தூக்குக்குண்டு – வியாழன், இரவு 10.13

போதாது. திருப்பத்தில் பீரோ ஏறாது. அவ்வளவு புத்தகத்தையும் கையிலா தூக்கிக்கொண்டு போவார்? மூன்றரை வையுங்கள்.


கரிக்கோடு – வியாழன், இரவு 10.31

கூடத்தில் ஒன்பது அங்குலம் குறையும். பரவாயில்லை, சுரண்டிவிட்டேன்.


மேஸ்திரிமகன் – வியாழன், இரவு 10.33

மேல்படி எங்கே முடிகிறது என்று அப்பா கேட்கிறார்.


கரிக்கோடு – வியாழன், இரவு 10.36

புத்தக அறை வாசலில்.